ஸ்டேஷனுக்கு ஆர் வருவினம்?

ரயில் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, "அன்ரி, நீங்கள் இவ்வளவு காலம் ரயில் கார்டாக இருந்தனீங்கள், எங்களுக்கு ஏதாவது எழுதித் தாங்கோ" என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டு, நான் பதில் சொல்ல முன்னமே உங்களுக்குள் டேனிஷில் கதைக்கத் தொடங்கிவிட்டீர்கள். பரவாயில்லை. நான் தமிழில்தான் எழுதுகிறேன். வாசிக்கக் கஷ்டமாக இருந்தால் அம்மாவிடம் கொடுங்கள், வாசித்துச் சொல்லுவா. அந்தச் சாட்டிலாவது இரண்டு பேரும் ஒரு மேசையில் கொஞ்ச நேரம் இருப்பீர்கள்.

கதவை எப்படிப் பூட்டுவது, விசில் எப்போது ஊதுவது, குடித்துவிட்டு ஏறுகிறவனை எப்படிச் சமாளிப்பது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் படித்ததில் பாதி இப்போது மாறியும் போயிருக்கும். இந்த நாட்டின் ரயில் பாதை பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். டென்மார்க் சின்ன நாடு. காலையில் ஒரு கரையில் தேத்தண்ணி குடித்தால் பின்னேரத்துக்குள் மற்றக் கரைக்குப் போய்விடலாம். எந்தப் பக்கம் ஓடினாலும் கடைசியில் கடல் வந்து தண்டவாளத்தை மறித்துவிடும். ஒரு ரயிலைத் தவறவிட்டால் அடுத்தது வரும். பிழையான ரயிலில் ஏறினால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி மாறலாம். ஆகையால் இங்கே ஒருவரும் தொலைந்துபோக மாட்டார்கள் என்றுதான் நானும் கனகாலம் நினைத்திருந்தேன்.

ஓய்வெடுத்த பிறகு எதை நினைத்து ஏங்குகிறேன் என்று உங்களில் ஒரு பிள்ளை கேட்டாள். சீருடையையா, சம்பளத்தையா என்று சிரித்தாள். இரண்டும் இல்லை, அம்மா. ரயில் மெதுவாகி மேடைக்குள் நுழையும்போது வெளியே நிற்கிறவர்களின் முகம் ஒவ்வொரு கண்ணாடியாகத் தேடிக்கொண்டு வருமே, அதை நினைத்துத்தான். கதவு திறக்கும். அவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்கும் அந்த நேரத்தில் நாங்கள் கதவைப் பூட்ட வேண்டும். மிச்சத்தை ஒருநாளும் பார்க்கக் கிடைக்காது. இத்தனை வருசத்தில் எத்தனை பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பேன். ஒருவரும் வீடு போய்ச் சேர்ந்ததை நான் கண்டதில்லை.

முதலில் உங்கள் கண்ணைப் பழக்க ஒரு சின்னக் கதை.

நான் வேலைக்கு வந்த புதிதில், கோல்டிங் ஸ்டேஷனில் எங்கள் ஆட்களின் குடும்பம் ஒன்று மகளை வழியனுப்ப வந்திருந்தது. மகள் கோபன்ஹேகனில் படிக்கப் போகிறாள். தாய், தகப்பன், சித்தப்பா குடும்பம், இரண்டு கைக்குழந்தைகள். ஏதோ கப்பல் ஏற்றுகிற மாதிரித்தான். எங்கள் ஆட்கள் மேடையில் நின்று கை காட்டுகிற சாதி இல்லையே. தகப்பன் சோறு அவிக்கும் குக்கரைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஏறினார். அதை மேலே வைத்தார், சரிவருமோ என்று ஆட்டிப் பார்த்தார், இறக்கிக் கீழே வைத்தார். மகள் இருக்கப் போகும் இருக்கையில் தானே ஒருக்கால் இருந்து பார்த்தார். நான் விசில் ஊதிக் கதவைப் பூட்டினேன். ரயில் வெளிக்கிட்ட பிறகுதான் "ஐயோ" என்ற சத்தம் கேட்டது. மனுசன் வீட்டுச் செருப்போடு நிற்கிறார். காரின் திறப்பு அவருடைய சட்டைப்பையில். மேடையில் குடும்பம் முழுவதும் நின்று ரயிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"தங்கச்சி, கொஞ்சம் நிப்பாட்டும், நான் இறங்கோணும்" என்றார், ஏதோ பஸ்ஸை நிற்பாட்டச் சொல்கிற மாதிரி.

அடுத்த ஸ்டேஷனில் இறக்கித் திரும்ப அனுப்பினேன். அன்று பழகியதுதான், கதவைப் பூட்ட முன்னர் ஆட்களின் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்ப்பேன். பயணம் போகிறவருடைய காலும் வழியனுப்ப வந்தவருடைய காலும் ஒன்றாக இருக்காது. இது எந்தப் பயிற்சியிலும் வராது. எழுதி வையுங்கள்.

இனிச் சொல்லப் போவதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது. இதில் சிரிப்புக் கொஞ்சம் குறைவு.

கிழக்கே இருந்து வரும் சில ரயில்கள் பிரடெரிசியாவில் இரண்டாகப் பிரியும் என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லும் ரயிலில் முன்பாதி வடக்கே ஓகூசுக்கு, பின்பாதி மேற்கே ஹேர்னிங், ஹொல்ஸ்டெப்ரோ பக்கம். பிரிந்த பிறகும் வைலே என்ற ஊர் வரைக்கும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பாதையில்தான் ஓடும். வைலே தாண்டினால் ஆளுக்கொரு திசை. ஆகவே பிரிய முன்னர் கார்ட் ஒவ்வொருவரிடமும் "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டு, பிழையான பாதியில் இருக்கிறவரை எழுப்பி மற்றப் பாதிக்கு அனுப்ப வேண்டும். காகித டிக்கெட் என்றால் அதில் ஊர் இருக்கும். பயண அட்டையில் ஏறிய இடம் மட்டும்தான் தெரியும். வாயைத் திறந்து கேட்கத்தான் வேண்டும்.

இங்கேதான் எங்கள் ஆட்களிடம் ஒரு சிக்கல். வெளிக்கிட்டு நிற்கிறவரைப் பார்த்து "எங்கை போறியள்?" என்று எங்களில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் சரிவராது என்று ஒரு எண்ணம். "தூரத்துக்கோ?" என்றுதான் கேட்பார்கள். அதற்கும் ஒரே பதில்தான், "உதிலை, கிட்டத்தான்." மாட்டுக்குப் புல்லு வெட்டப் போகிறவரும் அதைத்தான் சொல்லுவார், கனடாவுக்குப் பிளேன் ஏறப் போகிறவரும் அதைத்தான் சொல்லுவார். போகிற காரியம் எவ்வளவுக்குப் பெரிதோ, அவ்வளவுக்கு அந்தக் "கிட்டத்தான்" உறுதியாக வரும்.

நீங்கள் சிரிப்பீர்கள். நானும் வேலைக்காக ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன், டேனிஷில் கேட்டால் தோஷம் இல்லை என்று. ஆனால் எங்கள் முகம் ஒன்றைக் கண்டால் டேனிஷ் வாய்க்குள் நின்றுவிடும்.

அன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை. இலை கொட்டும் காலம், நல்ல காற்று. பிரடெரிசியாவில் நான் முன்பாதியைப் பொறுப்பெடுத்தேன். அதுவரை முழு ரயிலையும் கொண்டுவந்த சக ஊழியர் பின்பாதியோடு மேற்கே போகிறார். பெயர் வேண்டாம், அவர் விரும்பமாட்டார். நெட்டையான டேனிஷ்காரர். அளந்துதான் பேசுவார். அவருடைய சாப்பாட்டுப் பெட்டியில் எந்நாளும் கறுத்த பாண் ரொட்டியும் அதில் தடவும் ஈரல் பூச்சும்தான், வேறு ஒன்றையும் நான் கண்டதில்லை. வேலையில் ஒரு பிசகு விடமாட்டார். அன்றும் ஒவ்வொருவராகக் கேட்டுத்தான் வந்திருந்தார்.

பிரடெரிசியாவில் எனக்கு ஒரு கதவு பூட்ட மறுத்தது. அதோடு மல்லுக்கட்டிச் சரிசெய்து வெளிக்கிடப் பிந்திவிட்டது. நான் பெட்டிகளுக்குள் நடக்கத் தொடங்கும்போது வைலேயும் கடந்துபோயிற்று.

முன் பெட்டியில் கண்ணாடியோரம் எங்கள் ஆள் ஒருவர் இருந்தார். எழுபதுக்குக் கிட்ட வரும். நெற்றியில் திருநீறு. மடியில் பெரிய பை ஒன்று. அதற்குள் என்ன இருக்கிறது என்று பெட்டி முழுவதற்கும் மணம் சொல்லிக்கொண்டிருந்தது. நான் கேட்க முன்னமே பயண அட்டையை நீட்டினார். கிழக்கே ஓடென்சவில் ஏறியிருக்கிறார்.

"வணக்கம் அண்ணை" என்றேன்.

"அட, தமிழ்ப்பிள்ளையோ!" என்று நிமிர்ந்தார்.

"ஓம். தூரத்துக்கோ?"

"இல்லை இல்லை. உதிலை, கிட்டத்தான்."

அதோடு நான் அடுத்த இருக்கைக்குப் போயிருக்கலாம். கால் அடுத்த அடி வைத்தும்விட்டது. ஆனால் பழக்கதோஷத்தில் அவருடைய காலைப் பார்த்தேன். புத்தம்புதிய சப்பாத்து. குதிக்காலில் ஒட்டியிருந்த விலைச்சீட்டின் பாதி இன்னும் உரியாமல் இருந்தது. கிட்டத்தில் போகிற மனுசன் இதற்கென்று சப்பாத்து வாங்கமாட்டான். முன் இருக்கையின் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். ரயில் ஆடவே இல்லை.

எங்கே என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. அப்போது வேறொரு கேள்வி வாயில் வந்தது. எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

"ஸ்டேஷனுக்கு ஆர் வருவினம் அண்ணை?"

அவருடைய முகம் மாறியது. இதைக் கேட்க ஒருவரும் இல்லாமல் அந்த மனுசன் ஓடென்சவில் இருந்து காத்துக்கொண்டிருந்தார் போல.

"மகள்" என்றார். "மகளும் பேரப்பிள்ளையும். பேரன்ரை முகத்தை நான் இன்னும் நேரை காணேல்லை. நாலு வயசாகுது."

"மகள் ஓகூசிலையோ?"

"ஓகூசோ? இல்லைத் தங்கச்சி. ஹொல்ஸ்டெப்ரோ."

ஹொல்ஸ்டெப்ரோ மேற்கே. நாங்கள் வடக்கே ஓடிக்கொண்டிருக்கிறோம்.

மெதுவாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, பதறவும் இல்லை. "அந்த வெள்ளைக்காரப் பெடியனும் கேட்டவன்தான்" என்றார். "நான் கிட்டத்தான் எண்டு சொல்லிப்போட்டன். வெளிக்கிட்ட இடத்திலை ஊரின்ரை பேரைச் சொல்லுறதே? இந்தப் பயணத்திலை?"

நான் கையிலிருந்த கருவியைத் தட்டிப் பார்த்தேன். அது உடனே வழி சொன்னது. அடுத்து வரும் ஹோர்சன்சில் இறங்கி, எதிர்ப்பக்க ரயிலில் வைலேக்குத் திரும்பி, அங்கே மேற்கே போகும் ரயிலுக்கு மாற வேண்டும். அதுதான் சுருக்கமான வழி. யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவார்கள். நானும் அதையே சொன்னேன்.

"அது நல்லது தங்கச்சி. நான் திரும்பிறன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு உடனே எழும்பினார்.

பிள்ளைகளே, கவனியுங்கள். மகளைப் பார்க்கப் போகிற ஆள், பிழையான ரயிலில் ஏறிவிட்ட ஆள், திரும்ப வேண்டும் என்று சொன்னதும் நிம்மதியாக மூச்சு விட்டார். கம்பியைப் பிடித்திருந்த கையும் தளர்ந்தது. அந்த நிம்மதியைக் கண்டுதான் நான் பயந்தேன்.

"அண்ணை, வைலேயிலை இறங்குவியள்தானே?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். ரயில் ஹோர்சன்சுக்காக வேகம் குறைக்கத் தொடங்கிவிட்டது. இறங்குகிறவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"போன முறையும் வெளிக்கிட்டனான்" என்றார். "அவள் தன்ரை விருப்பத்துக்குக் கலியாணம் முடிச்சவள் எண்டு நான் கதைக்காமல் விட்டனான். அஞ்சாறு வருசம். பிறகு தாய் அழுதழுது ஒருமாதிரி என்னை ஒப்புக்கொள்ள வைச்சா. வெளிக்கிட்டன். பிரடெரிசியா வரைக்கும் வந்தன். என்னெண்டு அவளின்ரை முகத்தைப் பாக்கிறது எண்டு யோசினை வந்திட்டுது. இறங்கி மற்றப் பக்க றெயினைப் பிடிச்சு வீட்டுக்குப் போயிட்டன். அவள் பிள்ளையையும் வைச்சுக்கொண்டு அங்கை ஸ்டேஷனிலை நிண்டிருக்கிறாள்."

"இண்டைக்கு?"

"இண்டைக்கு இன்னொருக்கால் வந்து நிக்கிறன் எண்டு தாய்க்குச் சொல்லியிருக்கிறாள். இனி மூண்டாந்தரம் பிள்ளையைக் காத்துக்குள்ளை கொண்டுவந்து நிப்பாட்ட மாட்டாளாம்." பிறகு என்னைப் பார்த்தார். "என்னைத் திருப்பி விட்டியளெண்டால் நான் வைலேயிலை இறங்கமாட்டன் தங்கச்சி. எனக்கு என்னைத் தெரியும். நேரை வீட்டைதான் போவன்."

மகளுக்கு ஒரு தொலைபேசி எடுத்துச் சொல்லலாமே என்றேன். அவருடைய போனில் மகளின் இலக்கம் இல்லை. கோபத்தில் அவரேதான் அழித்திருக்கிறார். இலக்கம் மனைவியிடம் இருக்கிறது. மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை, போன் அங்கே அலுமாரிக்குள். நானே இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன், மணி அடித்து ஓய்ந்தது.

ரயில் நின்றது. நான் கதவைத் திறந்துவிட்டு மேடையில் இறங்கி நின்றேன். எதிர்ப்பக்கத்தில் வைலேக்குத் திரும்பும் ரயில் வருவதாக அறிவிக்கிறார்கள். அவர் பையோடு எனக்குப் பின்னால் படியில் நிற்கிறார். என் வேலையின் விதிப்படி பார்த்தால் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அவர் இறங்கட்டும் என்று விட்டால் ஒருவரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள். இந்த வேலையில் உங்களுக்கு யோசிக்கக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான், கதவு திறந்து பூட்டுகிற நேரம்.

"இருங்கோ அண்ணை" என்றேன். "திரும்ப வேண்டாம். முன்னுக்கே போவம். இன்னொரு வழி இருக்கு."

அதுதான் இந்தச் சின்ன நாட்டின் பாதையில் எனக்குப் பிடித்த விஷயம். வடக்கே இன்னும் கொஞ்சம் போனால் ஸ்கண்டர்போர்க் வரும். அங்கிருந்து ஒரு கிளைப்பாதை மேற்கே திரும்பி, ஏரிக்கரை ஓரமாகச் சில்க்போர்க் போய், ஹேர்னிங்கைத் தொடும். ஹேர்னிங்கில் மாறினால் ஹொல்ஸ்டெப்ரோ. சுற்றுத்தான். நேரம் கூடத்தான். கருவி இந்த வழியைக் காட்டவே இல்லை, கேட்டால் மட்டும் கீழே எங்கோ ஒளித்துவைத்துக் காட்டும். ஆனால் இந்த வழியில் எந்த இடத்திலும் வந்த பக்கம் திரும்பி ஏறவேண்டியதில்லை. அவருக்கு வீட்டுப் பக்கம் போகும் ரயில் ஒன்றும் கண்ணில் படாது.

ஒரு பிரச்சினை இருந்தது. கதவுச் சண்டையில் நாங்கள் பிந்தியிருந்தோம். ஸ்கண்டர்போர்க்கில் சில்க்போர்க் ரயில் எங்களுக்காகக் காத்திராது. அது வேறு கம்பனியின் ரயில். ரயில் வெளிக்கிட்டதும் நான் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் எடுத்தேன். பெண் குரல் ஒன்று வந்தது. எத்தனையோ வருசமாகக் கேட்ட குரல், முகம் தெரியாது.

"என்ன காரணம்?" என்று கேட்டா.

வருத்தக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று ஒரு சொல் சொன்னால் போதும், எந்த ரயிலையும் மறித்துவைப்பார்கள். அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அப்படிச் சொன்னால் மேடையில் அம்புலன்ஸ் நிற்கும், உண்மையாகவே வருத்தக்காரர் ஒருவருக்கு அது அந்த நேரத்தில் கிடைக்காமல் போகும். அடுத்த முறை நான் சொல்வதை நம்பவும் மாட்டார்கள். இதை நெஞ்சில் போட்டு வையுங்கள், பிள்ளைகளே. இந்த வேலையில் உங்களிடம் இருக்கிற ஒரே பலம் உங்கள் சொல்தான்.

"ஒரு பயணி பிழையான பாதியில் ஏறிவிட்டார். ஹொல்ஸ்டெப்ரோவுக்குப் போகவேண்டும்" என்றேன்.

"அடுத்த ஸ்டேஷனில் இறக்கி வைலேக்குத் திருப்பி அனுப்பலாமே."

"திருப்பி அனுப்பினால் அவர் போய்ச் சேரமாட்டார்."

"நடக்க முடியாதவரா?"

"நன்றாக நடப்பார். மகளைப் பார்க்கப் போகிறார். ஒருமுறை பாதியில் திரும்பிப் போனவர்."

அந்தப் பக்கம் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "கேட்டுப் பார்க்கிறேன். வாக்குத் தரமாட்டேன்" என்றா.

அடுத்து பின்பாதியில் போய்க்கொண்டிருந்த நெட்டையருக்கு எடுத்தேன். "நான் அவரைக் கேட்டேனே" என்றார் முதல் வார்த்தையாக. "பக்கத்தில்தான் என்று சொன்னார்."

"தெரியும். அது எங்கள் ஆட்களின் பதில். உன்னில் பிழை இல்லை. ஹொல்ஸ்டெப்ரோ மேடையில் அவருடைய மகள் நிற்பாள். அவளிடம் ஒரு செய்தி சொல்லவேண்டும்."

"எப்படிக் கண்டுபிடிப்பது?"

"சின்னப் பிள்ளையோடு நிற்பாள். ஒவ்வொரு கதவாகப் பார்ப்பாள்."

"என்ன சொல்வது?"

நான் போனைப் பொத்திக்கொண்டு அவரிடம் கேட்டேன். மன்னிப்புக் கேட்பார், சுகம் கேட்பார் என்று நினைத்தேன். "நான் திரும்பேல்லை எண்டு சொல்லச் சொல்லுங்கோ. வேறை வழியாலை வாறன் எண்டு சொல்லச் சொல்லுங்கோ" என்றார். அப்படியே டேனிஷில் சொன்னேன். நெட்டையர் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்.

ஸ்கண்டர்போர்க் வரும்வரைக்கும் நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். வேறு பயணிகளைப் பார்க்கப் போகவில்லை, உண்மையைச் சொல்கிறேன். பேரனுக்குத் தமிழ் விளங்குமோ என்று கேட்டார். விளங்காவிட்டாலும் சாப்பிடுவான்தானே என்றேன். முதல்முறையாகச் சிரித்தார்.

மேடைக்குள் நுழைந்தபோது அந்தச் சின்ன ரயில் கதவைத் திறந்தபடி நின்றது. வாசலில் நின்ற இளம் கார்ட் பெடியன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் மனம் துள்ளியது. "அண்ணை, ஓடுங்கோ, அதுதான் றெயின்" என்று இறக்கி விட்டேன். பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு புதுச் சப்பாத்தோடு ஓடினார். பாதி தூரத்தில் நின்றார்.

எனக்கு உயிர் போய்விட்டது. நிற்கிறார். திரும்புகிறார். "அண்ணை!" என்று கத்தியிருப்பேன். ஆனால் போகிறவரைப் பின்னால் கூப்பிடக்கூடாது என்பதும் எங்களுக்குள் ஊறிப்போன ஒன்றல்லவா. வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். இரண்டு ரயில், இரண்டு கார்ட், இரண்டு கம்பனி, எல்லாம் இந்த ஒரு மனுசனுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. அவர் அங்கே நின்று என்னைப் பார்த்து, ஆறுதலாக, "போட்டு வாறன் தங்கச்சி" என்றார்.

சொல்லாமல் போகக்கூடாதாம்! அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டு கையாலும் ஏறச்சொல்லிக் காட்டினேன். ஏறினார். கதவு பூட்டியது. வழக்கம்போல மிச்சத்தை நான் பார்க்கவில்லை.

ஓகூசில் என் வேலை முடிந்தது. ஊழியர் அறையில் இருந்தேன். வீட்டுக்குப் போகலாம், போக மனம் வரவில்லை. ஹேர்னிங்கில் அவர் மாறவேண்டும். அங்கே மேடையில் நிற்கும்போது மனம் மாறினால்? ஹேர்னிங்கிலிருந்து வைலேக்கும் ரயில் இருக்கிறது. அதில் ஏறினால் வீடு. இதை நான் முன்னமே யோசித்தேனா என்றால் இல்லை. எந்த வழியிலும் ஒரு இடத்தில் அவரைத் தனிய விடத்தான் வேண்டும். அதற்கு மேல் எந்தக் கார்டாலும் ஒன்றும் செய்ய இயலாது.

நெட்டையர் முதலில் போன் எடுத்தது தன்னுடைய ரயில் ஹொல்ஸ்டெப்ரோவை விட்டு வெளிக்கிட்ட பிறகு. அந்த மனுசன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கதவு திறந்ததும் மேடையில் சின்னப் பொடியன் ஒருவனைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் நின்றாளாம். ஒவ்வொரு கதவாகப் பார்த்தாளாம். இறங்க வேண்டியவர்கள் எல்லாரும் இறங்கி முடிந்ததும் பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்துவிட்டு, திரும்பி நடக்கத் தொடங்கினாளாம். இவர் ரயிலின் மற்ற முனையில் நிற்கிறார். கூப்பிட்டிருக்கிறார், காற்றில் கேட்கவில்லை. விசிலை எடுத்துப் பலமாக ஊதியிருக்கிறார். மேடை முழுவதும் திரும்பிப் பார்த்ததாம். ரயில் வெளிக்கிடப் போகிறது என்று இரண்டு பேர் ஓடிவந்து ஏறியும்விட்டார்களாம்.

போகிறவளைப் பின்னால் விசிலடித்துக் கூப்பிடலாமோ கூடாதோ என்று நான் அந்த இடத்தில் நின்றிருந்தால் ஒரு கணம் யோசித்திருப்பேன். அந்த ஒரு கணத்தில் அவள் படியிறங்கிப் போயிருப்பாள். அன்று அங்கே நின்றது அவராக இருந்ததற்கு நான் இன்றைக்கும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

"செய்தியைச் சொன்னேன்" என்றார். "திரும்பவில்லை, வேறு வழியால் வருகிறார் என்று. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். பிறகு டேனிஷில், சரி, அப்படியென்றால் காத்திருக்கிறேன் என்றாள்."

இரண்டாவது தடவை எடுக்கும்போது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. அவர் தன்னுடைய ரயிலின் கடைசி ஊர்வரைக்கும் போய், அதே பாதையால் திரும்பி வந்துகொண்டிருந்தார். ஹொல்ஸ்டெப்ரோவில் மறுபடி நிற்கிறார். "நான் இப்போது மேடையில் நிற்கிறேன்" என்றார். பின்னால் காற்று இரைந்தது. வந்தாரா என்று கேட்கப் பயமாக இருந்தது.

"டி ஸ்பீஸர்" என்றார்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மேடையில் இருக்கும் மர வாங்கில் மூன்று பேரும் உட்கார்ந்திருக்கிறார்களாம். நடுவில் பொடியன். அவனுடைய மடியில் திறந்த சாப்பாட்டுப் பெட்டி. வயதானவர் எடுத்து எடுத்துக் கொடுக்கிறாராம், மகள் வாங்கி வாங்கிச் சாப்பிடுகிறாளாம், அழுதுகொண்டு. "ஏன் வீட்டுக்குப் போகாமல் இந்தக் குளிரில் இருக்கிறார்கள்?" என்று நெட்டையர் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். தெரியும், டேனிஷில் சொல்லத் தெரியாது. போய்ச் சேர்வோமா என்று பயந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்த ஆளுக்கு அங்கிருந்து எழும்ப அவ்வளவு சீக்கிரம் மனம் வராது.

"எனக்கும் ஒன்று தந்தார்" என்றார் நெட்டையர். "நடுவில் ஓட்டை இருக்கிறது. இது என்ன?"

"உழுந்து வடை. ஓட்டை அப்படித்தான் இருக்கும், சாப்பிடு."

அவர் மென்றுகொண்டே விசில் ஊத முயன்றதும் கதவு பூட்டிய சத்தமும் கேட்டன. பிறகு தொடர்பு அறுந்துபோயிற்று. நான் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, அந்த வெறும் அறையில் தனிய இருந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டேன்.

பிள்ளைகளே, இதில் என்ன பாடம் என்று கேட்பீர்கள். கருவி சுருக்கமான வழியைச் சொல்லும். அந்த ஆளால் எந்த வழியில் போகமுடியும் என்பதை நீங்கள்தான் பார்க்கவேண்டும். அவ்வளவுதான். மிச்சத்தைப் பயிற்சியில் படியுங்கள்.

அந்த வாங்கை நான் பார்க்கவில்லை என்ற ஏக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. பார்த்தவர் நெட்டையர், அவருக்கு அது ஒரு வடை. அந்த மனுசனைப் பிறகு நான் எந்த ரயிலிலும் காணவில்லை. பேரன் இப்போது நன்றாக வளர்ந்திருப்பான்.

இப்போது எனக்கு நேரம் நிறைய. மனம் கேட்காத நாட்களில் ஸ்கண்டர்போர்க்கில் மாறி, சில்க்போர்க் ஏரிகளைப் பார்த்துக்கொண்டு, ஹேர்னிங் வழியாக ஹொல்ஸ்டெப்ரோவுக்குப் போகிறேன். அந்த ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. வாங்கில் இருப்பேன். ரயில் வரும். வெளியே நிற்கிறவர்கள் ஒவ்வொரு கண்ணாடியாகத் தேடுவார்கள். கதவைப் பூட்டுவது இப்போது என் வேலை இல்லை. கடைசி ஆள் கட்டிப்பிடித்து, சண்டைபோட்டு, பையைப் பறித்து, படியிறங்கிப் போகும்வரைக்கும் இருந்து பார்த்துவிட்டு வருவேன்.

உங்களில் யாராவது அந்தப் பாதையில் வேலையாக இருந்தால் என்னிடமும் அட்டை கேட்பீர்கள், எங்கே போகிறேன் என்று கேட்பீர்கள். நான் "உதிலை, கிட்டத்தான்" என்றுதான் சொல்லுவேன், பழக்கம் போகாது. அதோடு விட்டுவிட்டு அடுத்த இருக்கைக்குப் போகாதீர்கள். மற்றக் கேள்வியைக் கேளுங்கள், ஸ்டேஷனுக்கு ஆர் வருவினம் என்று.

ஒருத்தரும் வரமாட்டினம், பிள்ளை. மற்ற ஆக்களுக்கு ஆர் வருகினம் எண்டு பாக்கத்தான் போறன்.